அலங்காரம் எது, மறை எது?

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் முப்பரிமாண அச்சுப்பொறியில் ஊறுகாய்ப் புட்டிக்கு ஒரு மூடி அச்சிட்டேன். வெறும் மூடியாக இருக்க வேண்டாமே என்று கணினியில் அதன் பரப்பு முழுவதற்கும் பாய்ப் பின்னல் போன்ற ஒரு வடிவத்தை ஏற்றினேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால், பின்னல் உட்புறத் திருகு மறையிலும் ஏறிவிட்டதால், மூடி புட்டியில் ஒரு சுற்றுக்கூட இறங்கவில்லை.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், கணினி அறிவியல் மற்றும் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தைச் சேர்ந்த குழு 2023-இல் வெளியிட்ட 'ஸ்டைல்2ஃபேப்' ஆய்வைப் படித்தபோது இந்த மூடிதான் நினைவுக்கு வந்தது. எழுத்தில் சொன்னால் முப்பரிமாண மாதிரியின் தோற்றத்தை மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால், எதைத் தொடக்கூடாது என்பது அவற்றுக்குத் தெரியவில்லை. ஸ்டைல்2ஃபேப் குழுவினர், முப்பரிமாண அச்சு மாதிரிகளுக்கான திங்கிவெர்ஸ் இணையதளத்தில் பலரும் பகிர்ந்திருந்த 294 மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பகுதி எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்தனர். பூச்சாடியின் தட்டையான அடிப்பாகம் போல வெளியுலகோடு தொடர்புகொண்டு வேலை செய்வது ஒரு வகை, என் மூடியின் மறை போல இன்னொரு துண்டோடு பொருந்த வேண்டியது மற்றொரு வகை, எஞ்சியது அழகுக்கானது. புதிய மாதிரி ஒன்றைக் கொடுத்தால், அவர்கள் உருவாக்கிய கருவி அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஏற்கெனவே அறிந்தவற்றோடு ஒப்பிட்டு, வேலைக்கான பகுதிகளைப் பூட்டிவிட்டு மற்றவற்றை மட்டுமே அலங்கரிக்கிறது. கட்டைவிரலுக்கு அணியும் மருத்துவப் பட்டையை, அதன் பயன் கெடாமல், உடைக்கு ஏற்ற தோற்றத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் காட்டும் பயன்களில் ஒன்று.

எனக்குப் பிடித்தது, இறுதி முடிவை அவர்கள் கருவியிடம் விட்டுவிடாததுதான். ஒரே சாடியை மேசையில் வைக்கவும் செய்யலாம், கயிற்றில் கட்டித் தொங்கவிடவும் செய்யலாம். எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பது வைத்திருப்பவரின் எண்ணத்தைப் பொறுத்ததே தவிர, வடிவத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே கருவி தன் ஊகத்தை முன்வைக்கிறது, பயனர் திருத்துகிறார். எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்டோம் என்று மார்தட்டும் அறிவிப்புகளுக்கு நடுவே இந்த அடக்கம் அரிது. அலங்காரம் பொருளை மெலிய வைத்து உடைத்துவிடுமா என்ற கேள்வி இதில் மீதமிருந்தது. அதே குழுவினரின் பிந்தைய ஆய்வான 'மெக்ஸ்டைல்' வலிமைக் கணக்கீட்டையும் சேர்த்துக்கொண்டு அலங்கரிக்கிறது.

ஆயினும், ஒப்பிட்டுப் பார்த்தே ஊகிக்கும் முறைக்கு, ஒப்பிடுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஒரு தளத்தில் யார் எதைப் பதிவேற்றினார்களோ அதுவே அங்கே பொருள்களின் உலகம். எங்கள் வீட்டு முறுக்கு உழக்கின் அச்சுத் தட்டை அந்தக் கருவியிடம் கொடுத்துப் பார்க்க எனக்கு ஆசை. அதிலுள்ள நட்சத்திர வடிவத் துளை, பார்ப்பதற்கு அசல் அலங்காரம். அதை மாற்றிவிட்டால் பிழியும் முறுக்கு வேறு.