4,780 கோடி டாலரும் கல்லூரிக் கட்டணம் அல்ல

2023-இல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடம் 4,780 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்டணமாக வசூலித்தன என்று, வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிய இந்த விவாதத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

தொகை சரிதான் நண்பரே, பெயர்தான் தவறு. அது நாட்டின் கல்வி ஏற்றுமதி மதிப்பு. வெளிநாட்டு மாணவர் அங்கே தங்கிப் படிக்கும் காலத்தில் செய்யும் எல்லாச் செலவும் அதில் சேரும்: கட்டணம், வீட்டு வாடகை, மளிகை, பேருந்து, கைபேசி ரீசார்ஜ் வரை. கட்டணத்தின் பங்கு பாதிக்கும் குறைவு. அந்தக் கட்டணமும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் போவதில்லை; தொழிற்கல்வி நிறுவனங்கள், ஆங்கிலப் பயிற்சி மையங்கள், பள்ளிகள் எல்லாம் அதில் உண்டு.

காரணம் கணக்கு முறையில் இருக்கிறது. நான்கு வருடம் தங்கிப் படித்தாலும், அயல்நாட்டு வரவுசெலவுக் கணக்கில் மாணவர் தம் சொந்த நாட்டவராகவே கொள்ளப்படுகிறார். எனவே மெல்போர்னில் அவர் வாங்கும் அரிசியும் ஏற்றுமதிதான். ஆனால் மலேசியாவில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் நடத்தும் வளாகத்தில் படிப்பவரின் செலவு இந்தத் தொகையில் வராது.

நீங்களே சரிபார்க்கலாம். ஆஸ்திரேலியப் புள்ளிவிவரப் பணியகத்தின் இணையதளத்தில் பன்னாட்டு வணிகத்துக்கான ஆண்டுத் துணை அட்டவணைகளைத் திறந்து, சேவை ஏற்றுமதியில் ‘கல்வி சார்ந்த பயணம்’ என்ற வரிசையைப் பாருங்கள். கட்டணம் ஒரு வரியாகவும், பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான செலவு இன்னொரு வரியாகவும் தனித்தனியே இருக்கும். மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தால் யாருக்கு இழப்பு என்று இங்கே விவாதிப்பவர்கள் அந்த இரண்டாவது வரியையும் அவசியம் பார்க்க வேண்டும்.