நீதிபோதனை பீரியடை யார் எடுத்துக்கொண்டது?

பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பை மறுபடி கொண்டுவர வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, அது எங்கே போனது? எங்கள் காலத்தில் வாரம் ஒரு பீரியட் இருக்கத்தான் செய்தது. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பி.டி. பீரியடுக்கும் அதே கதிதான்.

2016-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களைப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் வீட்டில் நான் பார்ப்பது மனப்பாடம்தான். மகன் 'கள்ளாமை' குறள்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். சீர் மாறினால் மார்க் போய்விடுமாம். அவன் வகுப்பில் ஒரு பையனின் காம்பஸ் காணாமல் போனபோது எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த அதிகாரத்தைப் பேச வேண்டிய நாள் அதுவல்லவா?

ஜப்பானில் 2018-ல் தொடக்கப் பள்ளிகளில் ஒழுக்கக் கல்வியை முறையான பாடமாக்கினார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் பிள்ளையைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தருவார். வகுப்பறையைப் பெருக்குவதும் பிள்ளைகளே. (இங்கே அப்படிச் சொன்னால் பெற்றோர் கொதிப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ விட்ட செய்திகளைப் படித்தவர்கள்தானே நாம்.)

புதுப் புத்தகமெல்லாம் வேண்டாம். அந்த ஒரு பீரியடை யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று தலைமையாசிரியர்கள் கறாராக இருந்தால் போதும். அப்புறம், அதில் பரீட்சை மட்டும் வைத்துவிடாதீர்கள்.