அதை வெறும் ஒப்பித்தல் என்று சொல்லாதீர்கள்

2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ செஸ் தொடர். ஆனந்த் கறுப்புக் காய்களோடு ஆர்மீனிய வீரர் ஆரோனியனை 23 நகர்வில் முடித்த ஆட்டம். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கம்ப்யூட்டர் காட்டியதை ஒப்பித்தார்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

தயாரிப்பு இருந்தது உண்மைதான். 2012-இல் இஸ்ரேல் வீரர் கெல்ஃபாண்டுடன் மோதிய உலகப் பட்டப் போட்டிக்காகச் செய்த உழைப்பு அது. சரி, உழைத்தது குற்றமா?

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வுகளின் வரிசை, செமி ஸ்லாவ்; அதில் மெரான் வகை. இதில் கறுப்பு தன் பிஷப்பை பி7 கட்டத்தில் உட்கார வைத்துவிட்டு, சி6 சிப்பாயை சி5-க்குத் தள்ளும் நேரத்துக்காகக் காத்திருக்கும். தள்ளிவிட்டால் அந்த பிஷப்பின் பார்வை வெள்ளை ராஜாவின் மூலைவரை நீளும். ஆனந்த் 12-ஆவது நகர்வில் தள்ளினார். ஆரோனியன் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டி யானைக்குக் குறி வைத்தார். ஆனந்த் யானையைக் காப்பாற்றவில்லை. தன் குதிரையை ஜி4-க்குப் பாய்ச்சினார்.

16-ஆவது நகர்வில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இன்னொரு குதிரையும் ஈ5-க்கு வருகிறது. அப்போது பலகையைப் பாருங்கள்: இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், ஒரு யானை என்று கறுப்பின் நான்கு காய்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்குக் கிடக்கின்றன. எதை எடுத்தாலும் வெள்ளைக்கு ஆபத்து. ஏன் என்று புரியாத ஒருவரால் இதை மனப்பாடத்தை நம்பி ஆட முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசி நகர்வும் அப்படித்தான். கறுப்பு ராணி குறிவைத்திருக்கும் எச்3 சிப்பாயை வெள்ளை ராணி மூன்றாம் வரிசையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது. ஆனந்த் பிஷப்பை ஈ3-இல் குறுக்கே வைத்தார். காவல் அறுந்தது, ஆரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

இன்னொன்று. மெரான் என்ற பெயர் வந்தது 1924-இல் அந்த இத்தாலிய ஊரில் நடந்த தொடரால். ஆஸ்திரிய வீரர் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக அங்கே இதை ஆடி வென்றவர் போலந்து வீரர் ரூபின்ஸ்டீன். அதே ரூபின்ஸ்டீன் 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ராட்லெவியை வென்ற ஆட்டத்திலும் மூலையில் வெள்ளை ராஜா, ஜி4-இல் கறுப்புக் குதிரை, ராஜாவின் பக்கம் பாயும் இரண்டு பிஷப்புகள். அங்கே அவர் ராணியையே கொடுத்தார்!

வீட்டில் செஸ் பழகும் பிள்ளை இருந்தால், இந்த இரண்டு ஆட்டங்களையும் ஒரே மாலையில் பலகையில் ஆடிக் காட்டுங்கள். முதலில் 1907, அப்புறம் 2013.