கையில் வாங்கிப் பார்க்க வருகிறவர்களுக்கு

நான் ஞாயிறுதோறும் உதவிக்குப் போகும் விலங்குக் காப்பகத்தில், கிளையில் படுத்திருக்கும் ஓர் இகுவானாவின் (அயல்நாட்டுப் பெரிய பல்லி) படத்தைச் சென்ற வாரம் இங்கே பகிர்ந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உள்பெட்டிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது இதுதான்: "நாங்களும் தன்னார்வலராக வரலாமா? கையில் வாங்கிப் பார்க்க விடுவார்களா?" எழுத வேண்டியது சற்று நீளமானது என்பதால் பொதுவிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்கு, கட்டாயம் வாருங்கள் என்பதே பதில். இரண்டாவது ஆசைக்காகத்தான் வருவதாக இருந்தால், தயவுசெய்து வர வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால், ஒரு தென்னந்தோப்புக்குள் அந்தக் காப்பகம் இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதுவதில்லை. எழுதினால் மறுநாள் விடிவதற்குள் வாசலில் விலங்குகளை அடைத்த அட்டைப்பெட்டிகளை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அதை நடத்துகிற அக்கா அஞ்சுகிறார். முன்பு அப்படி நடந்தும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வருகிறேன். அங்கிருப்பவை நம் காட்டு விலங்குகள் அல்ல. எங்கோ பிறந்து, கைமாறிக் கைமாறி நம் ஊர் வரவேற்பறைகளுக்கு வந்து, வளர்ந்து பெரிதானதும் வேண்டாதவையாகிப் போனவை. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, 2024இல் வந்த விதிகளின்படி அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் (சைட்டிஸ்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டதால், பதிவுக்குப் பயந்து ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறோம்.

நீங்கள் படத்தில் பார்த்த இகுவானா மூன்று ஆண்டுகள் ஒரு வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள், கண்ணாடிச் சன்னலோரம் வளர்ந்தது. வெளிச்சத்தை உள்ளே விடுகிற அந்தக் கண்ணாடி, உடம்பில் வைட்டமின் டி3 உண்டாவதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். அந்த வைட்டமின் இல்லையென்றால் தின்ற உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத தஞ்சை மண்ணில், வெயில் கிடைக்காமல் அதன் எலும்புகள் இளகிப்போயின. இலை தழை மட்டுமே தின்ன வேண்டிய அதற்கு அவித்த முட்டையும் ரொட்டியும் கொடுத்திருக்கிறார்கள். நோயினால் வீங்கிய கால்களைப் பார்த்துக் கொழுகொழுவென்று இருப்பதாக மகிழ்ந்திருக்கிறார்கள். அன்பில்லாதவர்கள் என்று அவர்களை நான் சொல்லமாட்டேன், ஒப்படைத்த அன்று அந்த வீட்டுப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான். வந்த புதிதில் அதன் கீழ்த்தாடை ரப்பரைப் போல வளைந்தது, இலையைக் கடித்து இழுக்கக்கூட முடியவில்லை. செம்பருத்தி இலையையும் முருங்கை இலையையும் விரல்நகத்தில் பாதி அளவுக்கு நறுக்கி, தட்டில் பரப்பி வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். நாம் நின்றுகொண்டிருந்தால் அது தின்னாது. அந்த நிலையில் உள்ள ஒன்றை அவசரமாகத் தூக்கினால் எலும்பு முறியும். என் முதல் இரண்டு மாத வேலை இலை நறுக்குவது மட்டும்தான்.

மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு படம் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பால் பைதான் (ball python, பந்து மலைப்பாம்பு) எனப்படும் அந்தச் சிறு மலைப்பாம்பு அச்சம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும். அதன் பெயருக்கே அதுதான் காரணம். கையில் வாங்கியவர்கள் அதைச் சாதுவாக, சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் எழுதுகிற நான் அந்தத் தவற்றைச் செய்தவள்தான். முதல் ஆண்டில் எனக்குப் பறவைக்கூடத்தில் முறை வந்தது. அங்கே ஒரு சாம்பல் கிளி இருக்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்த இனம். கூண்டில் நாற்பது, ஐம்பது ஆண்டுகூட வாழும். அதை வளர்த்த பெரியவர் காலமான பிறகு, வைத்துப் பார்க்க முடியாமல் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அது அவருடைய இருமலை இருமும். முதல் நாள் உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். தொடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். ஆனாலும் அது கம்பியோரம் வந்து தலையைத் தாழ்த்தி நின்றபோது என்னால் முடியவில்லை. ஒரு விரலை விட்டுப் பிடரியை வருடினேன். அடுத்த வாரமும் வருடினேன். நான் கதவைத் திறக்கும் ஓசை கேட்டாலே கம்பியோரம் வந்துவிடும் அளவுக்குப் பழகிவிட்டது. அதை நான் பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். வைகாசியில் உறவினர் வீட்டுத் திருமணம், பிறகு மகளின் கல்லூரிச் சேர்க்கை என்று தொடர்ந்து நான்கு வாரம் போகவில்லை. திரும்பிப் போனபோது அதன் மார்பில் இறகே இல்லை. தோல் உரித்த கோழியைப் போல இருந்தது. தானே தன் இறகைப் பிடுங்கிப் போட்டிருந்தது. கூண்டின் அடித்தட்டில் சேர்ந்த சாம்பல் இறகுகளை அக்கா ஒரு முறத்தில் எடுத்து வைத்திருந்தார். கடிந்துகொள்ளவில்லை. "ஏம்மா, நீ நல்லதுதான் நெனச்ச. அது ஒன்ன எதிர்பாத்துக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

சாம்பல் கிளிகள் கூட்டமாக வாழ்கிறவை. ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் அந்த ஒருவரே அதற்குக் கூட்டம். ஒரு முறை தனித்து விடப்பட்ட பறவைக்கு, எந்த ஞாயிறு வருவேன் என்று எனக்கே உறுதியில்லாத நான் இரண்டாவது முறையாக ஆசை காட்டியிருக்கிறேன். உடல்நோய்க்கும் இறகு பிடுங்கும் என்பதால் மருத்துவரையும் பார்க்க வைத்தார்கள். நோய் எதுவும் இல்லை. சில இடங்களில் பிறகு இறகு முளைத்தது. மார்பின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு இன்னும் மொட்டையாகவே இருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கையில் வாங்கிப் பார்க்கும் ஆசைதான் இந்த உயிர்களையெல்லாம் கடல் கடந்து கொண்டுவந்தது. அதே ஆசையோடு நாம் உதவப் போனால், வீடு மாறியதே தவிர அவற்றின் நிலைமை மாறவில்லை. யார் வந்தாலும் கிளியைத் தோளில் வைத்துப் படம் எடுக்க விடுகிற இடம் காப்பகமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அது எவ்வளவு நன்கொடை பெற்றாலும் சரி, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அப்படியானால் வேலை என்ன என்று கேட்பீர்கள். ஆமைத் தொட்டி கழுவ வேண்டும். ராசி என்று நம்பிக் காசு அளவில் வாங்கப்படுகிற சிவப்புக் காது ஆமைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, முப்பது ஆண்டு வாழ்ந்து, தொட்டி நீரை இரண்டே நாளில் நாறடித்துவிடும். அந்த நீரை வாய்க்காலில் விடாமல் தென்னங்குழியில்தான் ஊற்ற வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி அவற்றின் மேல் இருக்கும். (கோயில் குளத்தில் விட்டுவிடுவது புண்ணியம் என்று எண்ண வேண்டாம், அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆமைகள் குளத்தில் பெருகினால் நம் பால் ஆமைக்கும் காராமைக்கும் இரையும் இடமும் குறையும்.) புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும் என்பதால், மாற்றிய தேதியைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். தட்டில் மிச்சமானதை நிறுத்து எழுத வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு என்றாலும் அந்த ஞாயிறு தவறக் கூடாது.

வருகிற தீபாவளியன்று அதிகாலை 4 மணியிலிருந்து 9 மணி வரை பறவைக்கூடத்தில் ஆள் இல்லை. வெடிச் சத்தத்துக்குப் பறவைகள் கம்பியில் மோதிக்கொள்ளும். சன்னல்களில் சாக்குத் திரை போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, ஒருவர் அமைதியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அன்று ஆமைத் தொட்டி முறை. எண்ணெய்க் குளியலைச் சற்றுத் தள்ளிப்போட முடிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் நாள் மாலைப் பேருந்தில் என்னோடு வரலாம், இரவு அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.