அந்தரத்தில் நீளும் வீடும் அடிக்கம்பியும்

பாதி தரையிலும் பாதி அந்தரத்திலுமாக, கூரை இருபக்கமும் சரிந்த ஒரு வீட்டின் படம் எங்கள் கோபி, பெருந்துறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. "சாதாரண கான்கிரீட்தான், அடிக்கம்பியை இரட்டிப்பாக்கினால் நம் மேஸ்திரியே கட்டிவிடுவார்" என்கிறது கூடவே வரும் செய்தி. தப்பு. ஆபத்தான தப்பும்கூட.

அது எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து, இங்கிலாந்தின் சஃபோக்கில் 2010-இல் கட்டி முடிக்கப்பட்ட 'பேலன்சிங் பார்ன்'. நீளம் 30 மீட்டர், அதில் 15 மீட்டர் வெளியே நிற்கிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் பாதியைக் கனமான பொருள்களால் கட்டியிருக்கிறார்கள், நடுவில் கான்கிரீட் மையம், முழு வீடும் ஒரே விறைப்பான கூடாக வேலை செய்கிறது.

சரி, அடிக்கம்பிக்கு வருவோம். முருங்கைக் கிளையின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள், மரத்தை ஒட்டின இடத்தில் மேல்பக்கம்தான் முதலில் கிழியும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானமுள்ள சிலாபும் அப்படித்தான், இழுவிசை மேல்பக்கம் வருவதால் முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும், அதுவும் உள்பக்கம் போதுமான நீளம் ஓடிப் பிடித்திருக்க வேண்டும். அடியில் எத்தனை கம்பி கட்டினாலும் இதற்கு ஈடாகாது.

இன்னொன்று, ஒரே கனமுள்ள சிலாபை இருமடங்கு நீட்டினால் அதன் சொந்த எடைக்கே நுனி 16 மடங்கு தொங்கும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இலும் இப்படி வெளியே நீட்டுவதற்கான அடிப்படை அளவு, மேல்கம்பியின் நடுவிலிருந்து சிலாபின் அடிவரை உள்ள கனத்தைப் போல 7 மடங்குதான்.

கான்கிரீட் போடும் அன்று ஆள்கள் மிதித்து மேல்கம்பி கீழே அமுங்கிவிடும், அப்புறம் வரைபடம் சரியாக இருந்தும் பயனில்லை. கம்பிக்கடியில் 'சேர்' கம்பி, அதாவது மேல்கம்பியை நாற்காலி போலத் தாங்கும் வளைத்த கம்பி, வைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள், முட்டுப் பலகையையும் பொறியாளர் சொல்லாமல் பிரிக்க விடாதீர்கள்.