பாடல்களை ஒதுக்கிவைத்துவிட்டு எண்பதுகளைப் பேசுவோம்

எண்பதுகளின் தலைசிறந்த தமிழ்ப் படம் எது என்ற விவாதம் எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் அது பாட்டுக் கச்சேரியாகிவிடுகிறது. ஒருவர் ‘பயணங்கள் முடிவதில்லை’ என்கிறார். ஏன் என்று கேட்டால் ‘இளைய நிலா’ என்கிறார். இன்னொருவர் ‘நிழல்கள்’ என்கிறார். ஏன் என்றால் ‘பொன்மாலைப் பொழுது’. படத்தின் கதை என்ன, கடைசியில் அந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டின் இரண்டாவது சரணம் மட்டும் ஒரு சொல் பிசகாமல் நினைவில் இருக்கும்.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1980 முதல் 1989 வரை வந்த தமிழ்ப் படங்களில் முதலிடம் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்கு. 1988இல் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. நம்முடைய பட்டியல்களில் அது தொடர்ந்து விடுபட்டுப்போவதற்கு அதுதான் முதல் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதில் ரசிகர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஒரு படம் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகையில் சில வாரம் ஓடும். போய்விடும். நினைத்தபோது திரும்பப் பார்க்க வழியில்லை. ஆனால் பாட்டு போகாது. இலங்கை வானொலியில் வரும், டீக்கடையில் ஒலிக்கும், கேசட்டில் பதிவாகி வீட்டுக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ வந்தால் தெருவே அடங்கிவிடும். ஆக, ஒரு தலைமுறையின் மனத்தில் படம் கரைந்துபோய்ப் பாட்டு மட்டும் தங்கிவிட்டது. பிற்பாடு “எந்தப் படம் பிடிக்கும்?” என்று கேட்டபோது மனம் கையில் இருந்ததை எடுத்து நீட்டியது. பின்னால் பிறந்தவர்களோ அதே பாடல்களை இணையத்தில் தனித்தனித் துண்டுகளாகப் பார்த்து, அதே பட்டியலை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

‘நிழல்கள்’ இதற்கு மிகச் சரியான உதாரணம். 1980 தீபாவளிக்கு வந்த படம். வைரமுத்துவின் முதல் பாட்டு அதில்தான். ‘மடை திறந்து’, ‘பூங்கதவே’ என்று ஒவ்வொன்றும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. படம் ஓடவில்லை. அதே தீபாவளிக்கு, அதே வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி, பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ வந்தது. அதில் காலித் தட்டுகளை வைத்துக்கொண்டு, வந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவதுபோல் அந்த இளைஞர்கள் நடிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பசியைப் பற்றி ஒரு பக்கம் வசனம் எழுதியிருந்தாலும் அந்தப் பாசாங்கு தருகிற வலியைத் தந்திருக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாட்டில் ‘நிழல்கள்’ ஜெயிக்கும், படமாக மற்றது ஜெயிக்கும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் விவாதத்தில் இறங்கினால் நாம் பேசுவது இளையராஜாவின் சிறந்த பத்து ஆண்டுகளைப் பற்றியதாக இருக்கும், தமிழ் சினிமாவைப் பற்றியதாக இருக்காது.

இப்போது ‘வீடு’.

கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்த வீடு கட்டத் துணிகிறாள். சுதாவாக அர்ச்சனா. கூட ஒரு தங்கை, வயதான தாத்தா, உறுதுணையாக நிற்கும் காதலன். வில்லன் என்று தனியாக ஒருவன் இல்லை. அனுமதி வாங்கும் அலுவலகம், கடன், ஒப்பந்தக்காரர், மழை, கையிருப்பு என்று வரிசையாக வருகிறது. அலுவலக மேலதிகாரி கடன் கொடுக்க முன்வரும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் நிம்மதி வருகிறது. அவர் எதை எதிர்பார்த்துக் கொடுக்க முன்வந்தார் என்று புரியும் இடத்தில் அந்த நிம்மதி அப்படியே உறைகிறது. அர்ச்சனா அங்கே ஒன்றுமே ‘செய்வதில்லை’. ஒப்பனையில்லாத அந்த முகத்தை விட்டு நம் கண் நகர மறுக்கிறது.

சிமெண்ட் களவு போகும் பகுதியைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர்தான் களவாடுகிறார் என்பதைச் சுதாவிடம் சொல்வது அங்கே வேலை பார்க்கும் சித்தாள் மங்கம்மா. ‘பசி’ சத்யா நடித்திருக்கிறார். அவருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. இதைச் சொன்னால் தன் பிழைப்பு போகும் என்றும் தெரியும். சொல்கிறார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து நின்று கட்டிடத்தை எழுப்புகிறார்கள். பெண் விடுதலை என்ற சொல்லே படத்தில் எங்கும் வராது. அதே பத்தாண்டில் அந்தச் சொல்லை உரக்கச் சொன்ன படங்கள் எத்தனையோ உண்டு, அவற்றில் ஒன்றுகூட இந்த அளவுக்கு நம்மை நம்ப வைக்கவில்லை.

பிறகு தாத்தா. சொக்கலிங்க பாகவதர். பழைய நாடக மேடையிலிருந்து வந்த மனிதர், அந்த வயதில் கேமராவுக்கு முன்னால் இப்படி இருக்க முடியுமா என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வியக்கிறேன். பேத்தி கட்டும் வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பிப் போகும் பகுதி இருக்கிறதே, தமிழ் சினிமாவில் அதற்கு நிகராக நான் சொல்லக்கூடிய காட்சிகள் மிகக் குறைவு. பூச்சு இல்லாத சுவர்கள், கதவில்லாத நிலைகள். அவர் அறை அறையாகச் சுற்றிப் பார்க்கிறார். அவசரமே இல்லை. நமக்கு அது பாதி முடிந்த கட்டிடம், அவருக்கு முழு வீடு. திரும்பும் வழியில் இறந்துபோகிறார். இந்த இடத்தில் நம்மை அழ வைக்க ஒரு சோகப் பாட்டு போட்டிருக்கலாம். அந்தக் காலத்து எந்தத் தயாரிப்பாளரும் அதைத்தான் கேட்டிருப்பார். பாலு மகேந்திரா போடவில்லை. இசை அங்கே யாருடையது தெரியுமா? இளையராஜாவுடையதுதான். அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்து இந்தப் படத்துக்குப் பயன்படுத்தினார்கள். பாட்டுக்காக எண்பதுகளைக் கொண்டாடுகிறவர்கள் இளையராஜாவின் இந்த முகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

கடைசியில் குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வருகிறார். இந்த நிலம் எங்கள் திட்டத்துக்காக எடுக்கப்பட்டது என்கிறார். ஒரு துறையின் அனுமதி இருக்கிறது, இன்னொரு துறையிடம் கேட்கவில்லை. அவ்வளவுதான். யாரும் கெட்டவர் இல்லை, யாரும் பொறுப்பும் இல்லை. வழக்கு நீதிமன்றத்தில் நிற்கிறது, படம் முடிகிறது. சொந்த வீடு கட்டியவர்களோடு உட்கார்ந்து இதைப் பாருங்கள். அவர்கள் மூச்சுவிடும் சத்தமே மாறும்.

‘நாயகன்’ ரசிகர்கள் இந்நேரம் கொதித்துப்போயிருப்பார்கள். அந்தப் படத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும், சென்னையிலேயே தாராவியை எழுப்பிக் காட்டிய தோட்டா தரணியின் கலையும் தமிழ்ப் படத்தின் தோற்றத்தையே மாற்றின. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு தகவலைக் கவனியுங்கள். 1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் (படம் தணிக்கையான ஆண்டுதான் அங்கே கணக்கு) சிறந்த நடிகர் ‘நாயகன்’ படத்துக்காகக் கமல்ஹாசன், சிறந்த நடிகை ‘வீடு’ படத்துக்காக அர்ச்சனா. ஒளிப்பதிவு, கலை இரண்டும் ‘நாயகன்’ படத்துக்கு. சிறந்த தமிழ்ப் படம் ‘வீடு’. ஒரே ஆண்டின் அதே மேடையில் நின்ற இரண்டு படங்கள். அவற்றில் ஒன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, மற்றதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நகரம் சாதாரண மனிதனை நசுக்கும்போது அவனுக்கு யார் துணை என்ற கேள்வி இரண்டு படத்திலும் உண்டு. ‘நாயகன்’ அதற்கு ஒரு வேலு நாயக்கரைத் தருகிறது. ‘வீடு’ யாரையும் தருவதில்லை. எனக்கு இரண்டாவது பதில்தான் நான் பார்க்கும் உலகத்தோடு ஒத்துப்போகிறது. முதல் பதிலில் உள்ள ஆறுதலை நான் ரசிக்கிறேன், நம்புவதில்லை.

“அது விருதுப் படம், மெதுவாகப் போகும்” என்று ஒரு வாதம் தவறாமல் வரும். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்க்காதவர்கள். கையில் இருக்கும் பணம் தீர்வதற்குள் அடுத்த கட்டம் முடியுமா என்ற பதைப்பு படம் முழுக்க ஓடுகிறது. நான் பார்த்த எத்தனையோ துப்பறியும் படங்களில் இல்லாத பதற்றம் அது.

பாட்டே கூடாது என்று நான் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு கதையின் எலும்பாக இருக்கும் படங்கள் உண்டு. ‘முதல் மரியாதை’யில் ‘பூங்காற்று திரும்புமா’ பாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பெரியவரின் மனத்துக்குள் நாம் நுழையும் வாசலே அடைபட்டுப்போகும். வாய்விட்டுச் சொல்ல முடியாததைத்தான் அவர் அங்கே பாடுகிறார். அதே 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யில் பாட்டுதான் கதை. சங்கீத மேடையில் தமிழுக்கு இடம் எங்கே என்ற கேள்வியைச் சுஹாசினியின் பாத்திரம் கேட்பதே பாட்டாகத்தான். இந்த இரண்டையும் என் முதல் பத்தில் தயங்காமல் வைப்பேன். படத்தைத் தூக்கி நிறுத்தும் பாட்டுக்கும், படத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது இடம் ‘தண்ணீர் தண்ணீர்’ படத்துக்கு. 1981. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் பாலசந்தர் படமாக்கினார். அத்திப்பட்டிக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் கதை. ஊரே சேர்ந்து தானே கால்வாய் வெட்டக் கிளம்பும்போது அதைத் தடுக்க மட்டும் அரசாங்கம் உடனே வந்து சேர்கிறது. இன்றைக்கு அப்படி ஒரு படத்தை ஒரு முன்னணி இயக்குநர் எடுப்பாரா என்று யோசித்தால் எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது. சரிதாவுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ பற்றியும் ஒரு வார்த்தை. ரகுவரன் அறிமுகமான படம், பாரதியின் பாடல்களே பாட்டுகள், எல். வைத்தியநாதன் இசை. சிமெண்ட் ஆலையின் புகை ஒரு கிராமத்தை என்ன செய்கிறது என்று 1982இலேயே பேசிய படத்தை விவாதங்களில் யாரும் குறிப்பிடுவதே இல்லை.

வெகுஜனப் படங்களில் என் வாக்கு பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ படத்துக்கு. அதன் முடிவில் தாலிக்குக் கொடுக்கும் இடத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பெண்ணின் விருப்பத்தை அவள் முன்னிலையிலேயே கணவன், பழைய காதலன் என்று இரண்டு ஆண்கள் பேசித் தீர்ப்பது இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. ஆனாலும் திரைக்கதை எழுத விரும்புகிறவர்கள் அந்தப் படத்தைப் பாடம்போலப் படிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பது கடைசிவரை தெரியாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. எண்பதுகளின் பாடல்கள் புதிது புதிதாகத் துலக்கப்பட்டு, தெள்ளத் தெளிவான ஒலியில் திரும்பத் திரும்ப வெளியாகின்றன. படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘வீடு’ படத்தின் மூல நெகட்டிவ்கள் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திராவே வாழ்நாளில் வேதனையோடு பேசியிருக்கிறார். 2014இல் அவர் மறைந்தார். அவர் ஒளியை நம்பிய கலைஞர். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை அப்படியே பிடிக்கத் தெரிந்தவர். அவருடைய ஆகச்சிறந்த படத்தை இன்று மங்கிய, வண்ணம் வெளுத்த பிரதியில் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்கும் ஓர் இளைஞர் “பழைய படம், தெளிவாகவே இல்லை” என்று பாதியில் நிறுத்தினால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடிகளில் புரளும் துறை, தன் சொந்தச் சொத்தைக் காப்பாற்ற ஒரு காப்பகத்தை நடத்த முடியாதா? விழாக்களில் பாலு மகேந்திராவின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் இதற்கு ஒரு கூட்டமாவது கூட்டியிருக்கலாம்.

இன்னொரு இயக்குநரான மகேந்திரனை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ‘ஜானி’யும் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யும் 1980. இரண்டிலும் அசோக் குமாரின் ஒளிப்பதிவுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் உட்காருவேன், இரண்டும் என் பத்தில் உண்டு. மகேந்திரனின் உச்சம் ‘உதிரிப்பூக்கள்’. அது வெளிவந்தது 1979 அக்டோபரில். சில வாரக் கணக்கில் இந்தப் பத்தாண்டுக்கு வெளியே நிற்கிறது. காலண்டரைப் பார்க்காமல் அதையும் எண்பதுகளில் சேர்க்க வேண்டும் என்று வாதாடும் நண்பர்கள் இருக்கிறார்கள். சேர்த்தால் ‘வீடு’ முதலிடத்தில் நிற்குமா என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஆற்றங்கரையில் தகப்பனைத் தேடி ஓடும் அந்த இரண்டு குழந்தைகளை நினைத்தால் என் பட்டியல் ஆடுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், ஆனால் ‘அழகிய கண்ணே’ பாட்டைக் காரணமாகச் சொல்லாமல் சொல்லுங்கள்.