வாட்ஸ்அப்பில் வேலை கேட்டவர்

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் அடெபாயோ அகின்ஃபென்வாவின் அந்தப் பழைய வீடியோ மறுபடி டைம்லைனில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. 2016 மே 30, வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்துக் கால்பந்தின் நாலாவது டிவிஷனான லீக் டூவின் பிளே-ஆஃப் இறுதிப் போட்டியில் ஏஎஃப்சி விம்பிள்டன், பிளிமத்தை 2-0 என்று ஜெயித்திருக்கிறது. இரண்டாவது கோலைப் போட்டவர், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த மனிதர், மைக் முன்னால் நிற்கிறார். சொல்லப்போனால் எனக்கு இப்போது வேலை இல்லை, கிளப் மேனேஜர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ஸ்அப்பில் வாருங்கள், ஒரு வேலை கொடுங்கள் என்கிறார். கமென்ட் முழுக்கச் சிரிப்பு எமோஜி.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அன்று அவருக்கு வயது 34. விம்பிள்டனோடு ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. வெம்ப்ளியில் கோல் போட்டு அணியை மேல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்ட மனிதனுக்கு அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாது. டிவி நேரலையில் பேச வாய்ப்பு கிடைத்தபோது அதை வேலை விண்ணப்பமாகப் பயன்படுத்திக்கொண்டார். அதை ஜோக்காக மட்டும் பார்ப்பது அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதைத்தான் காட்டுகிறது.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று டிவிஷன்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஃபுட்பால் லீக்; அதற்கும் கீழே இன்னும் பல படிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 24 அணிகள், சீசனுக்கு 46 லீக் ஆட்டங்கள். செவ்வாய்க்கிழமை இரவு மழையில் ஒரு ஊர், சனிக்கிழமை இன்னொரு ஊர். சீசன் முடிந்ததும் மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பட்டியல் வெளியிடும். யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று. பெயர் இல்லாதவர்களுக்கு ஜூன் 30 வரைதான் ஒப்பந்தம். நம்மூர் கௌரவ விரிவுரையாளர்களிடம் கேட்டால் இந்த மே, ஜூன் மாதங்கள் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். காசு விஷயத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். 2020ல் லீக் டூ கிளப்புகள் தங்களுக்குள் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தபோது, ஒரு முழு அணிக்கும் ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு என்று வைத்தார்கள். (வீரர்கள் சங்கம் போராடி அடுத்த ஆண்டே அது ரத்தானது.) பிரீமியர் லீக்கின் உச்ச நட்சத்திரம் ஒருவர் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வாங்கிவிடும் தொகை அது.

அந்தக் கீழ் டிவிஷன்களில் அகின்ஃபென்வா ஏறத்தாழ 19 ஆண்டுகள் வேலையில் இருந்தார். 200 கோலுக்கு மேல் போட்டார். என்னைக் கேட்டால், எல்லோரும் பேசும் அவரது உடல் பலத்தை விட இதுதான் பேச வேண்டிய விஷயம்.

லண்டன் இஸ்லிங்டனில் நைஜீரியப் பெற்றோருக்கு 1982ல் பிறந்தவர். வாட்ஃபோர்ட் இளைஞர் அணியில் இருந்துவிட்டு, 2001ல் அவர் போய்ச் சேர்ந்த இடம் லிதுவேனியா. கிளைபேடா என்ற துறைமுக நகரம், அட்லாண்டாஸ் என்ற கிளப். வயது இருபதைத் தொடவில்லை. முதல் ஆட்டத்திலேயே பார்வையாளர் பகுதியிலிருந்து நிறத்தைச் சொல்லி, சுட்டுத்தள்ளு என்கிற மாதிரிக் கோஷம் வந்தது. முதலில் அது என்னவென்று அவருக்குப் புரியவில்லையாம். புரிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். நீ திரும்பி வந்தால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று அண்ணன் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சரி என்று இருந்துவிட்டார். லிதுவேனியக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெயித்த கோல் அவருடையது. இத்தனையும் அவர் இங்கிலாந்து லீக்கில் ஒரு ஆட்டம் கூட ஆடுவதற்கு முன்னால்.

அப்புறம் வேல்ஸில் பாரி டவுன். அந்த கிளப் கடனில் மூழ்கியது. அடுத்து பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ், டான்காஸ்டர் என்று ஒரே சீசனில் நாலு சட்டை மாற்றினார். அதற்கடுத்த ஆண்டு டார்க்கீ. ஆர்வத்தில் கிளப் மாறியவர் இல்லை. எங்கே ஒரு மாதம், இரண்டு மாதம் வேலை கிடைக்கிறதோ அங்கே போனார்.

ஸ்வான்ஸீயில்தான் நிலையாக நின்றார். 2005 ஆகஸ்டில் ஸ்வான்ஸீ புது மைதானத்துக்கு மாறியபோது அங்கே நடந்த முதல் லீக் ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. அதே சீசனில் ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதிப் போட்டியில் கார்லைலுக்கு எதிராக வெற்றிக் கோல். ஏறத்தாழ எட்டு வாரம் கழித்து அதே கார்டிஃப் மைதானத்தில் பார்ன்ஸ்லீயுடன் பிளே-ஆஃப் இறுதிப் போட்டி, பெனால்டி ஷூட்அவுட். அதில் கோட்டை விட்ட இரண்டு பேரில் இவர் ஒருவர். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் 24 வயதில் சாம்பியன்ஷிப் ஆடியிருக்கலாம். அதன் பிறகு ஒரு கால் முறிவு, மில்வாலில் கோல் இல்லாத சில ஆட்டங்கள், பிறகு நார்தாம்ப்டன், ஜில்லிங்கம், மறுபடி நார்தாம்ப்டன், மறுபடி ஜில்லிங்கம். சாம்பியன்ஷிப் புல்லில் கால் வைக்க 38 வயது வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்த பலம் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிஃபா வீடியோ கேமில் பலத்துக்கான மதிப்பெண்ணில் உலகத்திலேயே முதலிடம் என்று வந்தது. ஹாஸ்டல் அறைகளில் கேம் ஆடிய பையன்களுக்கெல்லாம் இவர் பெயர் மனப்பாடம். கேமில் இவரை வைத்து எதிராளியை இடித்துத் தள்ளுவது ஒரு குஷி. நிஜ ஆட்டத்தில் இவர் அப்படி இடித்துத் தள்ளுகிறவரே இல்லை. தள்ளினால் ஃபவுல் கொடுத்துவிடுவார்கள்.

அவர் செய்தது வேறு. கோல்கீப்பர் நீளமாக உதைத்த பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே, பின்னால் நிற்கும் டிஃபெண்டர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று முதுகாலும் இடுப்பாலும் தொட்டே தெரிந்துகொள்வார். அவனுக்கும் பந்துக்கும் நடுவில் உடம்பை வைப்பார். பந்து மார்பில் பட்டுக் காலடியில் விழும். உடனே திரும்பிச் சுட மாட்டார். இரண்டு மூன்று விநாடி அப்படியே அடக்கி நிற்பார், அதற்குள் மிட்ஃபீல்டர்கள் மேலேறி வந்துவிடுவார்கள், சின்னதாக ஒரு பாஸ். டிஃபெண்டர் பொறுமையிழந்து இழுத்தால் ஃப்ரீ கிக். அந்த இரண்டு மூன்று விநாடிக்காகத்தான் லீக் டூ மேனேஜர்கள் காசு கொடுத்தார்கள். வேகம் இல்லாதவன், 90 நிமிடம் ஓட முடியாதவன், எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்தே பிழைத்தான். கேமில் நாம் பார்த்தது பலத்துக்கான மதிப்பெண்ணை மட்டும்தான், அதனால் நமக்கு அது தெரியாமல் போயிற்று.

அவர் உடம்பைப் பற்றிய கிண்டலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 பிளே-ஆஃப் அரையிறுதியின்போது எதிரணி ஊழியர் ஒருவர் தன்னை ‘கொழுத்த எருமை’ என்று சொன்னதாக அகின்ஃபென்வா வெளிப்படையாக எழுதினார். தன்னை ஒரு மிருகத்தோடு ஒப்பிடுவது மனிதனாகவே மதிக்காத செயல் என்றார். உடனே சிலர், ‘பீஸ்ட் மோட்’ (பீஸ்ட் என்றால் மிருகம்) என்று நீயேதானே உடுப்பு விற்கிறாய் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. கால்பந்து ஆட நீ ரொம்பப் பெருசு என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் அந்த உடம்பைத் தானே ஒரு பிராண்டாக்கினார். ஒவ்வொரு மே மாதமும் வேலை போகக்கூடிய தொழிலில் இருப்பவனுக்கு நாலு பேருக்குத் தெரிந்த முகம் என்பது ஒரு காப்பீடு. அதற்காக வழியில் போகிறவனெல்லாம் எருமை என்று கூப்பிடலாம் என்றாகிவிடுமா?

விம்பிள்டன் காலத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் அந்த இரண்டாவது கோல் ஒரு பெனால்டி, அதன் கதை தெரியாமல் 2016 வீடியோவை முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது. பழைய விம்பிள்டன் கிளப் 1988ல் இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையின் இறுதிப் போட்டியில் லிவர்பூலைத் தோற்கடித்த கிளப். 2002ல் அதைத் தூக்கிக்கொண்டு போய் மில்டன் கீன்ஸில் வைக்க அனுமதி கொடுத்தார்கள். வேறு ஊர், பிறகு வேறு பெயர். ரசிகர்கள் விடவில்லை. விம்பிள்டன் காமன் திடலில் தேர்வு நடத்தி ஆள் எடுத்து, ஒன்பதாவது டிவிஷனிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்கள். ஒன்பதே ஆண்டில், 2011ல், லீக் டூவுக்கு வந்து சேர்ந்தார்கள். 2016ல் பிளிமத்தை ஜெயித்தால் லீக் ஒன்னுக்கு ஏறலாம். அதே சீசனில் மில்டன் கீன்ஸ் அணி சாம்பியன்ஷிப்பிலிருந்து லீக் ஒன்னுக்கு இறங்கியிருந்தது. அதாவது அந்த ஒரு வெற்றியால் பிடுங்கப்பட்டவர்களும் பிடுங்கிக்கொண்டவர்களும் ஒரே டிவிஷனில் சமமாக நிற்பார்கள்.

1-0 என்று முன்னிலை. இஞ்சுரி டைம் நீண்டுகொண்டே போகிறது. மாற்று வீரராக உள்ளே வந்திருந்த அகின்ஃபென்வா, பெனால்டி கிடைத்ததும் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். எடுக்க வேண்டியவர் சக வீரர் கால்லம் கென்னடி. இருவருக்கும் அங்கேயே வாக்குவாதம். ஒழுங்கு என்று பார்த்தால் கென்னடி பக்கம்தான் நியாயம். ஆனால் விம்பிள்டன் சட்டையில் இதுதான் கடைசி உதை என்று தெரிந்த, பத்து ஆண்டுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பிளே-ஆஃபில் பெனால்டியை விட்டவரிடமிருந்து பந்தை வாங்க யாரால் முடியும்? அடித்தார், உள்ளே போயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் லிவர்பூல் எஃப்ஏ கோப்பைக்காக விம்பிள்டனின் குட்டி மைதானத்துக்கு வந்தது. அகின்ஃபென்வா சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் ரசிகர். கார்னரிலிருந்து வந்த பந்து கோல் முன்னால் நெரிசலில் சிக்க, கால் நீட்டித் தட்டி உள்ளே விட்டு 1-1 ஆக்கினார். லிவர்பூல் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை 2-1 என்று எடுத்துக்கொண்டு போனார். ஆனால் ஜெரார்டின் சட்டை இவருக்குக் கிடைத்தது.

வாட்ஸ்அப் விண்ணப்பத்துக்குப் பதில் அந்த ஜூலையில் வந்தது. விக்கம் வாண்டரர்ஸ், மேனேஜர் கேரத் ஐன்ஸ்வர்த். நீள முடி, ராக் இசைக்குழுவில் பாடுகிறவர். அந்த கிளப் இரண்டு ஆண்டுக்கு முன்னால்தான் சீசனின் கடைசி நாளில் கோல் வித்தியாசத்தில் ஃபுட்பால் லீக்கிலிருந்தே விழாமல் தப்பியிருந்தது. பல ஆண்டுகள் ரசிகர் அறக்கட்டளை கையில் இருந்த, காசில்லாத கிளப். அங்கே போய் 34 வயதுக்காரர் ஓய்வெடுப்பார் என்று நினைத்திருப்பார்கள். 2017-18ல் லீக்கில் மட்டும் 17 கோல் போட்டு அணியை லீக் ஒன்னுக்கு ஏற்றினார். 1993ல் ஃபுட்பால் லீக்குக்குள் வந்த அந்த கிளப்பின் லீக் ஆட்டங்களில் அதிகக் கோல் போட்டவர் இன்று அவர்தான்.

2020 ஜூலை 13, கொரோனா காலத்தில் காலியான வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று ஜெயித்து விக்கம் தன் 133 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக சாம்பியன்ஷிப்புக்குப் போனது. இந்த முறையும் மைக், இந்த முறையும் வாட்ஸ்அப். ஆனால் வேலை கேட்கவில்லை. எனக்கு இப்போது வாட்ஸ்அப் அனுப்ப உரிமையுள்ள ஒரே ஆள் க்ளாப்தான் என்றார். லிவர்பூல் லீக் பட்டம் ஜெயித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்போது லிவர்பூல் மேனேஜராக இருந்த யூர்கன் க்ளாப் நிஜமாகவே வாழ்த்தி வீடியோ அனுப்பினார். அடுத்த சீசனில் விக்கம் ஒரே ஒரு புள்ளியில் கீழே இறங்கியது. 2022 மே மாதம், 40 வயதில், சண்டர்லேண்டுக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதிப் போட்டியில் 70,000 பேருக்கு மேல் கூடிய வெம்ப்ளியில் மாற்று வீரராக இறங்கினார். 2-0 தோல்வி. அத்தோடு ஓய்வு.

அவர் பிரீமியர் லீக்கில் ஆடியிருக்க முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது. அந்த வேகத்துக்கு அவர் உடம்பு சரிவராது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே போனவர்களில் பெரும்பாலானவர்கள் 40 வயது வரை சம்பளத்துக்கு ஆடியதில்லை. ரீல்ஸில் அவர் ஜிம்மில் எடை தூக்குவதைப் பார்த்தவர்கள், 2017-18 விக்கம் ஆட்டங்களின் ஹைலைட்ஸைத் தேடிப் பாருங்கள். கோல்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கோலுக்கு இரண்டு பாஸ் முன்னால் அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.